தெர்மாமீட்டர் கடந்த தூரம்: புதுவையில் மருத்துவமும் சேரியும்

"புதுச்சேரியில் இருந்துகொண்டு மருத்துவ வசதி இல்லை என்று பேசலாமா?" கல்லூரி மாணவர்களைச் சந்திக்கப் போகும் இடங்களில் எல்லாம் எங்களிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரிப் பகுதி முந்நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான நிலம். அதற்குள் கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, இவை போகத் தனியார் கல்லூரிகள் ஆறு. நகரத்தில் ஜி.எச்., எல்லைப்பிள்ளைச்சாவடியில் மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. கிராமத்துப் பக்கம் போனால் கரிக்கலாம்பாக்கத்திலும் மண்ணாடிப்பட்டிலும் சமுதாய நலவழி மையங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள் தனி. எந்த ஊரில் இருந்து கிளம்பினாலும் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலுக்குச் சீக்கிரமே வந்துவிடலாம்.

ஆனால் இந்தக் கேள்வி ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு தூரத்தை அளக்கிறது. காலனியின் கடைசி வீட்டில் நின்று அளந்தால் கணக்கு வேறாக வரும். கிலோமீட்டரில் எழுத முடியாத ஒரு தூரம் நம் ஊர்களில் இருந்திருக்கிறது. அது எப்படி உண்டானது, யார் அதைப் பாதுகாத்தார்கள், எங்கே குறைந்தது, எங்கே உருமாறி இன்னும் நிற்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் புதுவைக்கு வெளியே நடந்த ஒரு சம்பவம். அந்தத் தூரத்தை இதைவிடத் துல்லியமாக அளந்து காட்டும் ஆவணம் வேறு இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. அம்பேத்கர் 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் தன் அனுபவங்களோடு மற்றவர்களுக்கு நேர்ந்த இரண்டையும் சேர்த்திருக்கிறார். அதில் ஒன்று 1929 டிசம்பர் 12ஆம் தேதி காந்தியின் 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதம். எழுதியவர் குஜராத்தின் கத்தியவார் பகுதியில் வேலை பார்த்த, தீண்டப்படாத சமூகத்தில் பிறந்த பள்ளி ஆசிரியர்.

அவருக்குக் குழந்தை பிறந்தது 5ஆம் தேதி. 7ஆம் தேதி மனைவிக்கு உடம்பு முடியாமல் போனது. வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், விலாவில் வலி. டாக்டரைக் கூப்பிடப் போனார். உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன், பார்க்கவும் மாட்டேன் என்றார் டாக்டர். ஊர்ப் பெரியவர்களிடம் போய்க் கெஞ்சினார் ஆசிரியர். டாக்டருடைய கட்டணம் இரண்டு ரூபாய்க்கு நகர்சேட் பிணை நின்றார். அதன் பிறகே டாக்டர் கிளம்பினார். அதுவும் சேரிக்கு வெளியேதான் பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு. பச்சை உடம்புக்காரியைக் கைக்குழந்தையோடு சேரிக்கு வெளியே அழைத்து வந்தார் கணவர். டாக்டர் தன் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் ஆசிரியரிடம் கொடுத்தார். ஆசிரியர் மனைவிக்கு வைத்து எடுத்தார். வந்த வழியிலேயே அது திரும்பிப் போனது. இரவு எட்டு மணி. விளக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் டாக்டர். போய் மருந்து அனுப்பினார். மறுபடி கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

எங்கள் பயிற்சி வகுப்புகளில் இந்தக் கடிதத்தை இரண்டு முறை படிக்கச் சொல்வோம். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் ஒன்று கண்ணில் படும். டாக்டர் இருக்கிறார். மருந்து இருக்கிறது. கட்டணமும் கொடுத்தாயிற்று. நோய் இன்னதென்றும் தெரிந்துவிட்டது. இன்றைய புள்ளிவிவரப் படிவத்தில் ஏற்றினால் அந்தத் தாய் 'மருத்துவ சேவை பெற்றவர்' என்ற கட்டத்தில்தான் வருவார். மூச்சுத் திணறும் நோயாளியின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்க வேண்டும், முதுகைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதற்குத் தொட வேண்டும். அந்தத் தொடுகை ஒன்றுதான் அவருக்குக் கிடைக்கவில்லை.

மருத்துவம் தொட்டுச் செய்யும் தொழில். நாடி பிடிப்பதுதான் நாட்டு வைத்தியத்தின் ஆரம்பம். தொடாதே என்பது சாதியின் முதல் சட்டம். இரண்டும் ஒரே ஊரில் இருந்தால் எது விட்டுக்கொடுக்கும்? மணிக்கட்டின் மேல் துணியைப் போட்டு நாடி பார்த்த வைத்தியரைப் பற்றியும், மருந்துப் பொட்டலத்தைத் திண்ணையில் வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்ன கம்பவுண்டரைப் பற்றியும் எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கத்தியவார் டாக்டர் தனி மனிதரின் கொடூரம் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் தன் ஊரின் ஒழுங்கைக் கடைப்பிடித்தார், அவ்வளவுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று எழுதிவைத்த அரசு ஆண்ட இடம் இது. அதனால் பிரிட்டிஷ் பகுதியைவிட இங்கே சாதி தளர்ந்திருந்தது என்று இன்றும் பலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அந்தப் பெருமை ஆட்டம் காணும். 1745 அக்டோபரில் சம்பா கோயில் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் வடபுறமாகக் குறுக்கே ஒரு சுவர். ஒருபக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் ஐரோப்பியர்களும். பறையர் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். இருநூற்று எண்பது ஆண்டுக்கு முன்னால் இந்த நகரத்தில் நம் மக்கள் கூட்டமாகப் போய்க் கேட்டு ஒரு சுவரை விழவைத்தார்கள் என்பது நமக்கு ஏன் பாடத்தில் வரவில்லை என்பது தனிக் கதை.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று சுற்றுலா வழிகாட்டி சொல்வார். கறுப்பு நகரத்துக்குள்ளேயே செட்டித் தெரு, வைசியாள் வீதி என்று சாதிக்கொரு தெரு இருந்ததையும், சேரிகள் அதற்கும் வெளியே இருந்ததையும் அவர் சொல்வதில்லை.

நெப்போலியன் காலத்துப் போர்கள் முடிந்து பிரெஞ்சுக்காரர்கள் புதுவையைத் திரும்பப் பெற்றது 1816இல். 1819 ஜனவரி 6ஆம் தேதி ஓர் ஆணை போட்டார்கள். இந்தியர்கள் கிறிஸ்தவர்களானாலும் முஸ்லிம்களானாலும் இந்துக்களானாலும், முன்பு போலவே அவரவர் சாதியின் சட்டத்தின்படியும் வழக்கத்தின்படியுமே நியாயம் வழங்கப்படும் என்றது அந்த ஆணை. நான்கே ஆண்டு கழித்து, 1823இல், அதே அரசு இங்கே எகோல் தெ மெதிசின் என்ற மருத்துவப் பள்ளியைத் தொடங்கியது. ஜிப்மர் தன் பிறந்த ஆண்டாகச் சொல்லிக்கொள்வது இந்த 1823ஐத்தான்.

இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எந்த மனித உடம்பிலும் ஒரே ரத்தம்தான் ஓடுகிறது என்று சொல்லிக்கொடுக்கும் பள்ளியை ஒரு கையால் திறக்கிறார்கள். உடம்புகளைச் சாதிவாரியாகத் தள்ளிவைக்கும் வழக்கத்துக்கு மறுகையால் சட்டப் பாதுகாப்பு தருகிறார்கள். அவர்களுக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. வரியும் அமைதியும் வேண்டியிருந்தது, ஊர்ப் பெரிய மனிதர்களின் தயவும் வேண்டியிருந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, விரும்பியவர்கள் சாதி வழக்கத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் கீழ் வந்து குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனபோது, அப்படித் துறந்தவர்களில் நம் மக்கள் பலர் இருந்தார்கள். அதன் தொடர்ச்சியாகப் பட்டாளத்துக்குப் போன 'சொல்தா' குடும்பங்களுக்குப் பிரெஞ்சு பென்ஷன் வந்தது, மருத்துவச் செலவுக்குக் கையில் காசும் வந்தது. அந்தச் சில குடும்பங்களைக் காட்டியே மற்ற எல்லாச் சேரிகளையும் மறந்துபோவது புதுவையின் பழைய வழக்கம்.

பக்கத்தில் பிரிட்டிஷ் சென்னையில் நிலைமை இன்னும் வெளிப்படையாக இருந்தது. எழும்பூரில் 1844 முதலே பிரசவ ஆஸ்பத்திரி உண்டு. ஆனால் எல்லாச் சாதிப் பெண்களும் வந்துபோகும் இடம் என்பதாலேயே மேல்சாதிப் பெண்களும், முக்காடு போடும் முஸ்லிம் பெண்களும் அங்கே வரத் தயங்கினார்கள். அவர்களுக்காக 1885இல் மேரி ஷார்லீப் ஒரு மருத்துவமனை தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இல் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவர் அவர், அருமையான மருத்துவர். மருத்துவமனையின் பெயர்: விக்டோரியா ஹாஸ்பிடல் ஃபார் காஸ்ட் அண்ட் கோஷா விமன். சாதிப் பெண்களுக்கும் கோஷாப் பெண்களுக்குமான மருத்துவமனை. சாதி 'உள்ள' பெண்கள் என்றால் யாரைத் தவிர்த்து என்று விளக்க வேண்டியதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை ஆனது. திருவல்லிக்கேணி ஆட்டோக்காரரிடம் இன்றும் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றால் போதும். பழைய பெயரில் கோஷா மட்டும் மக்கள் வாயில் தங்கிவிட்டது. முன்னால் இருந்த 'காஸ்ட்' சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டது. அதனால் முஸ்லிம் பெண்களின் முக்காடு ஒன்றுதான் அந்த ஆஸ்பத்திரிக்குக் காரணம் என்று இன்றைக்குக் கேட்பவர் நினைத்துக்கொள்வார்.

அந்தக் காலத்தில் சேரி யாரை நம்பி இருந்தது? தன்னைத்தான். ஊருக்குள் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள். அவர்களும் பல இடங்களில் சேரிக்கு வர மாட்டார்கள். சேரிக்குச் சேரியின் கிழவிகளே மருத்துவச்சிகள். பாம்புக்கடிக்கு இருளர்கள். வள்ளுவர்களில் சோதிடத்தோடு வைத்தியமும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இதை வெறும் கைவைத்தியம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் தொழிலால் சித்த வைத்தியர். நோயாளியைப் பார்த்துக்கொண்டே பத்திரிகை நடத்தியவர். தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர். மருத்துவ அறிவு நமக்குப் புதிதாக வெளியில் இருந்து கொடுக்கப்பட்டது என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்ப் பலகையைக் காட்டுங்கள். நவீன ஆஸ்பத்திரிகளில் நம்மவர்களுக்கு முதலில் கிடைத்த வேலைகளோ கழிவறையும் பிணவறையும். இன்றைக்கும் எந்த அரசு மருத்துவமனைக்கும் போய்ப் பிணவறை வாசலில் நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

1954 நவம்பர் 1இல் புதுவை இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1956இல் மருத்துவப் பள்ளி தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆனது. 1964இல் ஜவகர்லால் பெயரில் ஜிப்மர் ஆகிக் கோரிமேட்டில் எழுந்தது. (பிரெஞ்சுப் பள்ளிக்குக் கடவுள் பெயர், பிறகு பிரதமர் பெயர். வைத்தியம் பார்த்த எந்தக் கிழவியின் பெயரும் யாருக்கும் நினைவு வரவில்லை.) அதே 1964இல்தான் புதுச்சேரிக்கான பட்டியல் சாதிகள் ஆணையும் வந்தது. பிரெஞ்சு சட்டத்தில் பட்டியல் சாதி என்ற வகையே கிடையாது. ஆக, இந்தியாவோடு சேர்ந்து பத்தாண்டு கழித்துத்தான் இங்கே நம் மக்கள் சட்டத்தின் கண்ணில் பட்டார்கள். இருளர்களுக்கு இன்னும் மோசம். புதுச்சேரியில் அவர்கள் பழங்குடி என்று அறிவிக்கப்பட்டது 2016இல். பாம்புக்கடிக்கு ஊரே அவர்களைத் தேடிப்போனது. அவர்கள் யார் என்று ஒரு தாளில் எழுத அரசுக்கு அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது.

கிராம மருத்துவம் இந்தியாவில் ஜோசப் போர் குழுவின் 1946ஆம் ஆண்டு அறிக்கையில் இருந்து தொடங்குகிறது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. புதுவையில் இந்த ஏற்பாடு ஓரளவு நன்றாகவே வேரூன்றியது என்பதை மறைக்கத் தேவையில்லை. வில்லியனூர்ப் பக்கம் இராமநாதபுரத்தில் ஜிப்மர் நடத்தும் கிராம சுகாதார மையத்தைப் பாருங்கள். இராமநாதபுரம், பிள்ளையார்குப்பம், தொண்டமாநத்தம், துத்திப்பட்டு என நான்கு கிராமங்களை அது கவனிக்கிறது. மருத்துவ மாணவர்கள் அங்கே வீடு வீடாகப் போய்ப் படிக்கிறார்கள். நகரத்தில் குருசுக்குப்பத்தில் அதேபோல ஒரு மையம். டாக்டராகப் போகிறவர் ஒரு குடிசைக்குள் குனிந்து நுழைந்து பாயில் உட்கார்ந்து ரத்த அழுத்தம் பார்ப்பது கத்தியவார் டாக்டரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத காட்சி. இந்த மாற்றம் தானாக வரவில்லை என்றாலும் வந்திருக்கிறது.

ஆனால் 5,000 பேருக்கு ஒன்று என்ற விதி, அந்த ஒன்று எந்தத் தெருவில் என்று சொல்லவில்லை. துணை நிலையத்துக்கு இடம் எங்கே கிடைக்கும்? புறம்போக்கு எங்கே இருக்கிறதோ, நிலம் தானம் தருபவர் எங்கே இருக்கிறாரோ, அங்கே. நிலம் யாரிடம் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். எனவே கட்டடம் ஊர்ப் பக்கம் எழும்பும். நாங்கள் வேலை செய்யும் சில கிராமங்களில் சப்-சென்டர் காலனியில் இருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் கோயில் தெரு வழியாகப் போக வேண்டும். மாதவிடாய்க் காலத்தில், பிரசவத்துக்குப் பிறகு, சாவு வீட்டுத் தீட்டு நாட்களில் அந்தத் தெருவில் நடந்தால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று சுற்றிப் போகிறார்கள் பெண்கள். சுற்றிப் போனால் வெயில். வெயிலுக்குப் பயந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அப்படித்தான் ஐந்நூறு மீட்டர் ஐந்து நாளாகிறது. சில ஊர்களில் இதற்கு நேர்மாறாக, புறம்போக்கு காலனிப் பக்கம் இருந்ததால் கட்டடம் அங்கே வந்துவிடும். அப்போது ஊர்க்காரர்கள் தடுப்பூசிக்குக்கூட அங்கே வராமல், வேறு இடம் மாற்றச் சொல்லி மனு கொடுப்பார்கள்.

கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் முதலானோர் 2001-02இல் 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆய்வு செய்தார்கள். பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுக்கும் கிராமங்கள் 33 சதவீதம் என்று அதில் தெரியவந்தது. மூன்றில் ஒரு கிராமம். நிமோனியா டாக்டருக்கும் இதற்கும் இடையே எழுபது ஆண்டுகள்.

இதோடு இன்னொரு எண்ணையும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்பீர்கள். தலித் பெண்கள் மேல்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்பது. 2018இல் ஐ.நா. பெண்கள் அமைப்பின் அறிக்கையில் வந்தது. இறந்தவர்களின் சராசரி வயது தலித் பெண்களிடையே 39.5, மேல்சாதிப் பெண்களிடையே 54.1 என்பதுதான் அதன் அடிப்படை. இது இறந்தவர்களின் சராசரி வயதே தவிர ஆயுட்கால எதிர்பார்ப்பு கிடையாது. குழந்தைகளும் இளம் வயதினரும் அதிகம் உள்ள சமூகத்தில் இந்த எண் இன்னும் கீழே இறங்கும். எண்ணைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிர்த்தரப்பில் புள்ளியியல் படித்தவர் உட்கார்ந்திருப்பார். நம்மிடம் இருக்கும் உண்மையே போதுமான அளவு கனமானது, ஊதிப் பெருக்க வேண்டியதில்லை.

புதுச்சேரியில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான் நடக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு அப்படிச் சொல்கிறது. மகிழ்ச்சியான செய்தி. அதே ஆய்வில் பெண்களிடம், மருத்துவம் பெறுவதில் உங்களுக்கு என்ன சிக்கல் என்று ஒரு பட்டியலைப் படித்துக் கேட்கிறார்கள். வீட்டில் அனுமதி, பணம், தூரம், வண்டி, துணைக்கு ஆள் இல்லாமை, பெண் பணியாளர் இருக்க மாட்டாரோ என்ற கவலை, பணியாளரே இல்லாமை, மருந்து இல்லாமை. அந்தப் பட்டியலில் சாதி இல்லை. 'உங்களைத் தொட்டுப் பார்த்தார்களா', 'எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டபின் பேச்சு மாறியதா' என்று எதுவும் இல்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வராது. பதில் வராததால் பிரச்சினை இல்லை என்று ஆகிவிடும். சமூகவியல் படிக்கும் நண்பர்களுக்கு ஆய்வுத் தலைப்பு வேண்டுமென்றால் இதோ ஒன்று.

மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் 1970இல் வேலையைத் தொடங்கிய மருத்துவத் தம்பதி ரஜனிகாந்த், மேபல் அரோலே, இந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு வழி கண்டார்கள். கிராமத்து எழுதப்படிக்கத் தெரியாத பெண்களையே, தலித் பெண்களையும் சேர்த்து, சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டுக் கற்றார்கள். சேரிப் பெண் ஊர்த் தெருவுக்குள் மருந்துப் பையோடு போனாள். கைகள் எந்தத் திசையில் போகின்றன என்பது முக்கியம்.

இங்கேயும் ஒரு வண்டி காலனிக்குள் தவறாமல் வருகிறது. தனியார் கல்லூரிகள் சிலவற்றின் இலவச முகாம் வேன். மாணவர்கள் படிக்க நோயாளிகள் வேண்டும், படுக்கைகள் நிரம்பியிருக்க வேண்டும். ஏற்றிக்கொண்டு போய்ப் பார்த்து, சோறும் போட்டு, மாலையில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் பயன் அடைந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. கண்புரை நீங்கி வந்த தாத்தாக்களை எங்களுக்குத் தெரியும். ஆனால் வேனில் ஏறும் ஒருவர் தொடர்ந்து சிகிச்சை பெற உரிமை உள்ளவராக ஏறுகிறாரா, பாடம் நடத்தத் தேவைப்படும் உடம்பாக ஏறுகிறாரா என்பது அடுத்த மாதம் அவர் தானாகப் பஸ் பிடித்து அதே வாசலுக்குப் போகும்போது தெரிந்துவிடும். சிவப்பு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு எந்த வரிசை என்று தெரியாமல் நிற்பவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறோம்.

பாகூர், நெட்டப்பாக்கம் கொம்யூன்களின் காலனிகளில் மூத்த பெண்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். கேள்விகள் கொஞ்சம்தான். உங்கள் முதல் பிரசவம் எங்கே நடந்தது, யார் பார்த்தார்கள்? உங்கள் தெருவுக்குள் முதன்முதலில் வந்த நர்சம்மா யார், வீட்டுக்குள் வந்தாரா, திண்ணையோடு நின்றாரா? தண்ணீர் வாங்கிக் குடித்தாரா? ஆஸ்பத்திரியில் உங்களை முதலில் தொட்டவர் யார்? பெரும்பாலான பாட்டிமாருக்குத் தேதி நினைவில்லை. ஆனால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த நர்சம்மாவை மட்டும் புடவை நிறத்தோடு நினைவு வைத்திருக்கிறார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போகும் மாணவர்கள் உங்கள் பாட்டியிடம் இருந்தே தொடங்கலாம். செல்போனில் பதிவு செய்தால் போதும். சொல்பவரின் பெயரை எழுத வேண்டாம். கொம்யூன், தோராயமான ஆண்டு, ஊர்ப் பக்கமா காலனிப் பக்கமா என்ற விவரம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.